முதல் வெள்ளி மோதிரம்: கையால் நகை செய்யக் கற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வெள்ளி வேலை கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மனசுக்குள் ஒரு நகையோடுதான் வருகிறார்கள். கல் பதித்த பதக்கம், இலை வடிவத் தோடு, பின்னல் சங்கிலி என்று ஏதாவது ஒன்று. அதை ஒரு தாளில் வரைந்து பத்திரப்படுத்திவிட்டு, முதல் மாதம் முழுக்க ஒரே பொருளைச் செய்யுங்கள் என்பேன்: கல்லில்லாத, வேலைப்பாடில்லாத வெறும் வளைய மோதிரம். ஒன்று போதாது, ஐந்தாறு செய்ய வேண்டும். அறுத்தல், அராவுதல், காய்ச்சுதல், வளைத்தல், பற்ற வைத்தல் (நெருப்பில் சூடாக்கி முனைகளை இணைப்பது), மெருகேற்றுதல் என இந்தத் தொழிலின் அடிப்படை வேலைகள் எல்லாமே அந்தச் சின்ன வளையத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

நான் அப்படித் தொடங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கல் வைத்த பதக்கத்தில் இறங்கினேன். பற்ற வைக்கும்போது கல்லைச் சுற்றி வரவேண்டிய மெல்லிய தகடு என் கண்ணெதிரே சுருண்டு ஒரு துளியாகிவிட்டது. அதன் பிறகு மூன்று வாரம் நெருப்பைத் தொடவே கை வரவில்லை. மறுபடி மோதிரத்திலிருந்து ஆரம்பித்தபோதுதான், எனக்குக் குறையாக இருந்தது கைத்திறன் அல்ல, நெருப்பைப் பார்க்கத் தெரியாததுதான் என்று புரிந்தது. இந்த வழிகாட்டியில் பற்ற வைக்கும் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

வெள்ளியின் குணம்

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. தினமும் விரலில் கிடக்கும் மோதிரமாகச் செய்தால் சீக்கிரமே நெளியும், கீறல் விழும். அதனால் 92.5 சதவீதம் வெள்ளியோடு 7.5 சதவீதம் வேறு உலோகத்தை, பெரும்பாலும் செம்பை, சேர்க்கிறார்கள். இதுதான் ஸ்டெர்லிங் வெள்ளி. நகையின் உட்புறத்தில் 925 என்று குத்தியிருப்பது இதைத்தான். கற்பதற்கும் இதையே வாங்குங்கள்.

தூய வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். ஸ்டெர்லிங் சுமார் 802 டிகிரியில் இளகத் தொடங்கி, 893 வாக்கில் முழுவதும் திரவமாகிவிடும். 802 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பற்ற வைக்கும்போது அது திரும்ப வரும்.

இன்னும் இரண்டு குணங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். ஓரிடத்தில் சூடு காட்டினால் அது அங்கே நிற்காது, பொருள் முழுக்கப் பரவி ஓடிவிடும். இரண்டு, தட்டத் தட்ட, வளைக்க வளைக்க வெள்ளி இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் வளையாது, விரிசல் விடும். முதல் குணத்தைப் புரிந்துகொள்ளாதவருக்குப் பற்ற வைப்பது வராது. இரண்டாவதைப் புரிந்துகொள்ளாதவருக்கு வளைப்பது வராது.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். உறுதியான, ஆடாத மேசை ஒன்று. அதன் விளிம்பில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்திய, வி வடிவத்தில் வெட்டிய மரக்கட்டை. அறுப்பதும் அராவுவதும் இந்தக் கட்டையின் மேல்தான். நகை வேலைக்கான வில் ரம்பம், 2/0 மற்றும் 4/0 அளவு பிளேடுகள் (பிளேடுகள் உடையும், டஜன் கணக்கில் வாங்குங்கள்). ஒருபுறம் தட்டையும் மறுபுறம் வளைவுமான அரைவட்ட அரம் ஒன்று, சின்ன ஊசி அரங்கள் ஒரு செட். மோதிரத்தை உருட்ட, கூம்பு வடிவ இரும்புக் கோல். மரம், நைலான் அல்லது தோலால் ஆன சுத்தி. இரும்புச் சுத்தியால் நேரடியாக அடித்தால் வெள்ளியில் தழும்பு விழும். தட்டையான ஒரு இரும்புக் கட்டை. வாயில் பல்வரி இல்லாத குறடு இரண்டு. வெர்னியர் அளவுகோல்.

நெருப்பு வேலைக்கு: பியூட்டேன் வாயுவில் எரியும் சின்ன கைடார்ச், தீ தாங்கும் செங்கல், நீளமான சாமணம், வெண்காரம், இணைப்பை ஒட்ட உருக்கும் கலவையான சால்டர், ஒரு கிண்ணம் தண்ணீர், பிக்கிள் எனப்படும் அமிலக் கரைசல். மோதிரம், தோடு அளவுக்கு இந்தச் சின்ன டார்ச் தாராளமாகப் போதும். பெரிய வளையல், தட்டு என்று போகும்போதுதான் பெரிய டார்ச் தேவைப்படும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், ரம்பமும் அரமும் என்பேன். மட்டமான அரம் வெள்ளியைத் தின்னாது, வழுக்கும். கற்பவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

நெருப்புக்கு முன்னால்

காற்று வந்து போகும் இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். கண்ணாடி அணியுங்கள், முடியை இழுத்துக் கட்டுங்கள், பருத்தி உடை போடுங்கள். செயற்கை இழைத் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காட்மியம் கலந்த சால்டர் எங்காவது மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகப் பூச்சுப் பூசிய கம்பியையோ ஆணியையோ பிடிப்பானாகப் பயன்படுத்தி நெருப்பில் காட்டாதீர்கள். நாலாபுறமும் மூடிய உள்ளீடற்ற வடிவம் செய்தால் ஒரு சின்னத் துளை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று சூடாகி வெடிக்கும்.

அறுப்பதும் அராவுவதும்

பிளேடின் பற்கள் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ரம்பச் சட்டத்தை மேசை விளிம்பில் லேசாக அழுத்தியபடி பிளேடை முறுக்குங்கள். விரலால் சுண்டினால் 'டிங்' என்று தந்தி மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் தொய்வு, அறுக்கும்போது முறியும்.

ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து, முழு நீளமும் பயன்படும்படி மேலும் கீழும் நிதானமாக இழுங்கள். முன்னால் தள்ள வேண்டாம். பிளேடு தன் எடையிலேயே அறுத்துக்கொண்டு போகும், உங்கள் கை வழி மட்டும் காட்டினால் போதும். திரும்ப வேண்டிய இடத்தில், ரம்பத்தை நிறுத்தாமல் அதே இடத்தில் மேலும் கீழும் ஆட்டியபடி தகட்டை மெல்லத் திருப்புங்கள். பிளேடின் முதுகில் அவ்வப்போது கொஞ்சம் மெழுகு தடவுங்கள். தகட்டின் கனத்துக்குள் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. மெல்லிய தகட்டுக்கு 4/0 எடுப்பது இதனால்தான்.

அரம் முன்னால் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள்.

இந்த இரண்டையும் பழக வெள்ளி வேண்டாம், செம்புத் தகடு போதும். நேர்கோடு, வட்டம், நெளிகோடு என்று ஒரு வாரம் அறுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். செம்பில் பற்ற வைத்துப் பழகினால் சூடு அதிகமானாலும் அது பொறுத்துக்கொள்ளும், உங்கள் தவறு தெரியவே தெரியாது. அதனால் நெருப்பு வேலையை மட்டும் வெள்ளித் துண்டுகளிலேயே பழகுங்கள்.

காய்ச்சிப் பதமாக்குதல்

இறுகிப்போன வெள்ளியை மறுபடி மென்மையாக்கும் வழி இது. கம்பியைச் செங்கல் மேல் வைத்து, அகலமான மெல்லிய சுடரால் முழுவதையும் தடவிக்கொண்டே வாருங்கள். ஸ்டெர்லிங்குக்குச் சுமார் 600 முதல் 650 டிகிரி போதும். அளக்கக் கருவி தேவையில்லை. விளக்கை மங்கலாக்கிவிட்டுப் பாருங்கள்: வெள்ளியில் மெல்லிய, மங்கிய சிவப்பு தெரிந்த கணமே நெருப்பை எடுத்துவிடுங்கள். பளிச்சென்ற வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. தெரியாததால் இன்னும் சூடேற்றுவோம், உருகிவிடும். வேலை செய்யும் இடத்துக்கு எதற்கு அரை இருட்டு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு, இதற்குத்தான்.

இன்னொரு வழி, உலோகத்தின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புக் கோடு போட்டுச் சூடேற்றுவது. கோடு மறைந்ததும் பதம் வந்துவிட்டது. சிவப்பு அடங்கிய பிறகு தண்ணீரில் போடுங்கள். எடுத்துக் கையால் வளைத்துப் பாருங்கள், முன்பு முரண்டு பிடித்த கம்பி இப்போது சொன்னபடி கேட்கும். எனக்கு இன்றும் சலிக்காத கணம் இது.

மோதிரத்தின் அளவும் வாயும்

கம்பி எவ்வளவு நீளம் வேண்டும்? மோதிரத்தின் உள் விட்டத்தோடு உலோகத்தின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள் விட்டம் 17 மி.மீ., கனம் 1.5 மி.மீ. என்றால் 18.5 × 3.14, அதாவது 58 மி.மீ. கனத்தைக் கூட்ட மறந்தால் மோதிரம் விரலில் ஏறாது. 3 மி.மீ. அகலத்தில் இப்படி ஒரு மோதிரத்துக்குச் சுமார் 2.7 கிராம் வெள்ளிதான் ஆகும். அகலமான மோதிரம் விரலை அதிகம் இறுக்கும் என்பதால் அதற்கு அரை மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

அளந்து அறுத்து, இரு முனைகளையும் சரியாகச் செங்குத்தாக அராவுங்கள். பதமாக்குங்கள். இரும்புக் கோலில் வைத்து மரச் சுத்தியால் தட்டி வளையுங்கள். இந்தக் கட்டத்தில் அது வட்டமாக இருக்க வேண்டியதில்லை. முட்டை மாதிரி இருந்தாலும் ஆங்கில டி எழுத்து மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு முனைகளும் இடைவெளியில்லாமல் சேர்வது மட்டும்தான் முக்கியம்.

முனைகள் சேரும் இடமான வாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அது சரியில்லை. வாய்க்குள் ரம்பத்தை விட்டு ஒருமுறை அறுத்துவிட்டு, மறுபடி அழுத்திச் சேருங்கள். இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். பிறகு முனைகளை ஒன்றையொன்று சற்றே தாண்டிப் போகும்படி அழுத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால், வில் மாதிரி விசையோடு ஒட்டி நிற்கும். சால்டர் இடைவெளியை நிரப்பாது. அது ஒட்டிய இரு முகங்களுக்கு நடுவே ஊர்ந்து செல்லும் பொருள். பற்ற வைப்பதில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் உண்மையில் அரம் போடுவதில் வந்தவை.

பற்ற வைத்தல்

சால்டர் என்பதும் வெள்ளிக் கலவைதான். செம்பும் துத்தநாகமும் சேர்த்து, ஸ்டெர்லிங்கைவிடக் குறைந்த சூட்டில் உருகும்படி செய்திருப்பார்கள். நகைத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் பொடி என்றும் சொல்வார்கள். ஹார்டு, மீடியம், ஈஸி என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கும். ஈஸி சுமார் 700 டிகிரிக்குச் சற்று மேலே ஓடும், ஹார்டு 750-க்கு மேலே. ஒரே நகையில் பல இணைப்புகள் இருந்தால் முதலில் ஹார்டு, அப்புறம் மீடியம், கடைசியில் ஈஸி. முன்பு வைத்த இணைப்பு அடுத்த சூட்டில் பிரியாமல் இருக்கத்தான் இந்த வரிசை. மின்சாதனங்களுக்குப் பயன்படும் ஈயம் அல்லது வெள்ளீயச் சால்டரை இந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள். அதன் ஒரு துளி ஒட்டிய வெள்ளியைச் சூடேற்றினால் அந்த இடம் அரித்துக் குழியாகிவிடும்.

இப்போது 802-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹார்டு சால்டர் ஓடுவதற்கும் ஸ்டெர்லிங் இளகுவதற்கும் நடுவே இருப்பது சில பத்து டிகிரிகள்தான். அந்தச் சின்ன இடைவெளிக்குள் நின்று வேலை செய்கிறோம். எண்களைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உலோகம் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் காட்டிச் சொல்லிக்கொண்டே வரும்.

வாயையும் சால்டரையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை இருந்தாலே சால்டர் ஓடாது. வெண்காரத்தைத் தண்ணீரில் பால் பதத்துக்கு உரைத்து வாயில் பூசுங்கள். சூட்டில் காற்று பட்டு உலோகம் கறுக்காமல் காப்பது இதுதான். சால்டரில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு வெட்டிச் செங்கல் மேல் வையுங்கள். மோதிரத்தின் வாய் அந்தத் துணுக்கின் மேல் சரியாக உட்காரும்படி மோதிரத்தை நிறுத்துங்கள்.

டார்ச்சைக் கொளுத்துங்கள். முதலில் தூரத்தில் பிடித்து மெல்லச் சூடாக்குங்கள். வெண்காரத்தில் உள்ள தண்ணீர் கொதித்து வெள்ளையாகப் பொங்கும். அவசரப்பட்டால் அது துணுக்கைத் தள்ளிவிடும். பொங்கல் அடங்கியதும் சுடரைக் கிட்டே கொண்டுவாருங்கள். வாயில் மட்டும் காட்டாதீர்கள். வெள்ளி சூட்டைக் கடத்திக்கொண்டே இருப்பதால் மோதிரம் முழுவதும் சூடானால்தான் வாயும் போதிய சூட்டுக்கு வரும். மேல்வளைவில் தொடங்கி இரு பக்கமும் சமமாகச் சுற்றிச் சுற்றி வாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் வெண்காரம் கண்ணாடி மாதிரி தெளிந்து பளபளக்கும். பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள். அடுத்து மங்கிய சிவப்பு. இப்போது சுடரை வாயின் இரு புறமும் கீழே கொண்டுவாருங்கள். சால்டர் சூடு அதிகமுள்ள பக்கம் ஓடும், இதை மறக்கவே கூடாது. இரண்டு பக்கமும் சமமாகச் சூடானால் அடியில் இருக்கும் சால்டர் வாய்க்குள் மேல்நோக்கி ஏறி, ஒரு பளீர் வெள்ளிக் கோடாக மின்னும். பார்த்ததும் ஒரு நொடி, அவ்வளவுதான். நெருப்பை எடுத்துவிடுங்கள். மோதிரத்தின் மேற்பரப்பு முழுவதும் ஈரம் பட்டது போல் மினுங்கத் தொடங்கினால், உருகலின் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே விலகுங்கள்.

சால்டர் உருண்டையாகவே நின்றுவிட்டதா? ஒன்று அழுக்கு, அல்லது வெண்காரம் எரிந்துபோய்விட்டது, அல்லது மோதிரத்தைவிடத் துணுக்கை அதிகம் சூடாக்கிவிட்டீர்கள். சூட்டைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஆற விட்டு, சுத்தம் செய்து, புதிதாகத் தொடங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓடிவிட்டதா? அந்தப் பக்கம் அதிகம் சூடாகியிருக்கிறது. அடுத்த முறை எதிர்ப்பக்கத்தைக் கவனியுங்கள். இணைப்பில் பொடிப்பொடித் துளைகள் தெரிந்தால் அதிக நேரம் காய்ச்சியிருக்கிறீர்கள்.

பிக்கிள்

நெருப்பிலிருந்து வந்த மோதிரம் கறுத்து, வெண்காரக் கண்ணாடி ஒட்டிக் கிடக்கும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் குளிரவைத்து, வெதுவெதுப்பான பிக்கிளில் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள். சூட்டோடு பிக்கிளில் போட்டால் அமிலம் தெறிக்கும். சோடியம் பைசல்பேட் கரைசல் வழக்கமானது. வீட்டில் வேலை செய்பவர்களுக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் போதும், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். எதுவானாலும் தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

பிக்கிளுக்குள் இரும்புச் சாமணம் போகக் கூடாது. கரைசலில் கரைந்திருக்கும் செம்பு, இரும்பு பட்டதும் உங்கள் வெள்ளியின் மேல் படிந்து இளஞ்சிவப்பாக்கிவிடும். செம்பு, மரம், பிளாஸ்டிக் இடுக்கி பயன்படுத்துங்கள். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நன்றாகக் கழுவுங்கள்.

வட்டமாக்கலும் மெருகும்

பற்றிய மோதிரத்தைக் கூம்புக் கோலில் ஏற்றி மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். இப்போதுதான் அது வட்டமாகும். கோல் கூம்பு என்பதால் ஒரு பக்கம் அகன்றுவிடும். அவ்வப்போது மோதிரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத் தட்டுங்கள். இந்தத் தட்டலில் வெள்ளி மறுபடி இறுகி, அணிவதற்கான உறுதியும் வந்துவிடும். வாய் பிளந்துகொண்டால் வருந்த வேண்டாம், பற்று சரியாக ஓடவில்லை என்பது விரலில் போடுவதற்கு முன்பே தெரிந்ததே நல்லது.

அப்புறம் அரத்தால் மிச்சச் சால்டரை எடுத்து, 400, 600, 800, 1200 என்று உப்புத்தாளில் படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்கான திசையில் தேயுங்கள், பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். ஒரு தாளைத் தாண்டிக் குதித்தால், கடைசியில் கண்ணாடிப் பளபளப்புக்கு நடுவே ஒரு முரட்டுக் கீறல் எட்டிப் பார்க்கும். பின்னால் போய் முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான். சாம்பலும் ஊதாவுமாக ஒரு நிழல் போகாமல் இருந்தால், அது உள்ளே செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்த கறை. மேல்தோலை இன்னும் கொஞ்சம் தேய்த்தெடுத்தால் போகும். கடைசியாகத் துணியில் மெருகுப் பசை. மோட்டார் சக்கரத்தில் சங்கிலியை மட்டும் ஒருபோதும் பிடிக்காதீர்கள், விரலைச் சுற்றி இழுத்துவிடும்.

பழமையான கறுப்பு நிறம் பிடிக்குமென்றால், அவித்த முட்டையை நசுக்கி மோதிரத்தோடு ஒரு மூடிய பைக்குள் வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். மேட்டுப் பகுதிகளை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கலாம்.

அடுத்து: கல் கட்டுதல்

ஆறாவது மோதிரத்தின் வாய் எங்கே என்று உங்களுக்கே கண்டுபிடிக்கத் தெரியாத நாள் வரும். அதற்குப் பிறகு, முதல் நாள் வரைந்த அந்தத் தாளை எடுங்கள்.

முகம் வெட்டாத, வழவழப்பான வட்டக் கல்லில் தொடங்குங்கள். அதைச் சுற்றித் தூய வெள்ளியில் 0.3 மி.மீ. கனத் தகட்டால் ஒரு வேலி. கணக்கு மோதிரத்துடையதேதான்: 10 மி.மீ. கல்லுக்கு 10.3 × 3.14, சுமார் 32.3 மி.மீ. வேலியின் வாயை ஹார்டு சால்டரால் பற்ற வைத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து, கனமான அடித்தகட்டில் மீடியத்தால் சேருங்கள். துணுக்குகள் வேலிக்கு உள்ளே இருக்கட்டும். என் முதல் பதக்கம் உருகியது இந்தக் கட்டத்தில்தான்: மெல்லிய வேலி சட்டென்று சூடாகிவிடும், அடித்தகடு மெதுவாகத்தான் சூடாகும். சுடரை வேலியில் படவிடாமல் அடித்தகட்டைச் சுற்றியே காட்டுங்கள், முடிந்தால் கம்பி வலை மேல் வைத்து அடியிலிருந்து.

கல் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது முதலில் ஒரு நூலைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கல்லை வையுங்கள். சிக்கிக்கொண்டால் நூலை இழுத்து எடுத்துவிடலாம். நெருப்பு, பிக்கிள், உப்புத்தாள் எல்லாம் முடிந்த பிறகே கல்லை நிரந்தரமாக வைக்க வேண்டும். வேலியின் விளிம்பை முதலில் நான்கு எதிரெதிர்த் திசைகளில் உள்நோக்கித் தள்ளி, பிறகு இடைப்பட்ட இடங்களைத் தள்ளுங்கள். ஒரே பக்கமிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் தகடு மடிந்து உபரியாக நிற்கும்.

அறுத்த துண்டுகளையும் அரப்பொடியையும் குப்பையில் போடாதீர்கள். மேசைக்கு அடியில் ஒரு தோலோ துணியோ கட்டிப் பிடித்து வையுங்கள். சுத்தமான துண்டுகளுக்கு ஒரு டப்பா, சால்டர் ஒட்டியவற்றுக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று. முதல் டப்பாவில் இருப்பதை மட்டும் மூசையில் உருக்கி மறுபடி கம்பியாக்கலாம். சால்டர் ஒட்டியதையும் பொடியையும் சுத்திகரிப்பவர்களிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.